ஒரு பேணி அவித்த தண்ணீர்

மேல்வீட்டு அக்கா எங்களிடம் முதன்முதலாகச் சொன்னது ஒரு முறைப்பாடு. ஆனால் அதை அவர் பாராட்டுவதுபோலத்தான் சொன்னார்.

அஹுன்ட்சிக்கில் நாங்கள் அப்போது வாடகைக்கு இருந்தது மொன்றியலில் தெருவுக்குத் தெரு காணக்கூடிய மூன்றடுக்கு வீடு. கீழே வீட்டுக்காரர், நடுவில் நானும் மனைவியும், மேலே அக்கா. வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டு. அவர் குடிவந்த வாரம், புதிதாக வந்த தமிழ் ஆளுக்கு ஏதாவது கொடுக்கவேண்டும் என்று என் மனைவி ஒரு தட்டு ஸ்பகெற்றி கொண்டுபோய்க் கொடுத்தாள். எங்கள் ஆட்கள் எல்லோரும் அந்தக் காலத்தில் செய்த விதமான ஸ்பகெற்றி அது. பக்கெற்றோடு மூன்றாக முறித்து, அவித்து, வடித்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, வெங்காயமும் லீக்ஸும் கறித்தூளும் தகரத்தில் அடைத்து வரும் ரின்மீனும் போட்டுப் பிரட்டியது. மறுநாள் மாலை அக்கா தட்டைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வாசலில் நின்றார்.

“மீன் நல்லாயிருந்தது, தங்கச்சி. ஸ்பகெற்றியும் நல்லது. ஆனா ரெண்டும் ஒண்டோடை ஒண்டு கதைக்கேல்லை.”

என் மனைவிக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை. அன்றைக்குக் கோபித்தாள். பிறகு வந்த வருடங்களில் அந்த வசனம் எங்கள் வீட்டுக்குள் குடிவந்துவிட்டது. புதிதாக வாங்கிய சோபாவும் திரைச்சீலையும் கதைக்கவில்லை, என் சட்டையும் காற்சட்டையும் கதைக்கவில்லை, ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பகுதியும் பொம்பிளை பகுதியும் கதைக்கவில்லை. இன்றைக்கும் சொல்கிறோம்.

அக்கா ஜோன்-தலோன் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த ஓர் இத்தாலிய உணவகத்தில் வேலை செய்தார். பாத்திரம் கழுவத் தொடங்கி, பிறகு உருளைக்கிழங்கு உரித்து, நாங்கள் அறிந்த காலத்தில் பாஸ்ரா அடுப்புக்குத் தனி ஆளாக நின்றார். குள்ளமான, உறுதியான உடம்பு. வலது முன்கையில் நீராவி சுட்ட அடையாளங்கள், புதியதும் பழையதுமாக. மாலையில் அவர் படியேறும்போது உள்ளிப்பூண்டு வாசம் முதலில் ஏறும், அவர் பின்னால் ஏறுவார்.

அவருடைய சமையலறையை முதன்முதலாகப் பார்த்தது ஒரு அரிசிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனபோது. ஜன்னலுக்குக் கீழே ஒரு சுவர்த்தட்டில் உயரமான கண்ணாடிப் போத்தல்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் நீள நீளமான பாஸ்ரா. இடப்பக்கம் மிக மெல்லியதில் தொடங்கி வலப்பக்கம் மிக அகலமானதில் முடிந்தது. நான் எதையும் ஒழுங்காக அடுக்கி வைக்கும் சுபாவம் உள்ளவன் என்பதால் அந்த வரிசை எனக்கு உடனே பிடித்துப்போனது. அதைச் சொன்னேன். அழகுக்காக அடுக்கவில்லை, எதற்கு எது என்று கைக்குத் தெரியவேண்டும் என்பதற்காக அடுக்கினேன் என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். இடியப்பத்தை விட மெல்லிய கப்பெல்லீனிக்குப் பாரம் எதுவும் ஆகாது, தக்காளியை நறுக்கி எண்ணெய் விட்டுக் காட்டினால் போதும். ஸ்பகெற்றிக்கு உள்ளியும் மிளகாயும் ஒலிவ் எண்ணெயும், அல்லது தக்காளி. கொஞ்சம் தட்டையான லிங்குவீனே கடலுக்கு உரியது, மட்டியின் சாறு அதன் முதுகில் தங்கும். நடுவில் துளை உள்ள புக்கத்தீனி குழம்பை உள்ளே இழுத்துக்கொள்ளும், சத்தம் போடாமல் அதைச் சாப்பிட முடியாது. ஃபெற்றுச்சினிக்கு வெண்ணெயும் சீஸும். தல்யத்தெல்லேக்கு அரை நாள் வற்றிய கொத்திறைச்சி. இரண்டு விரல் அகலப் பப்பர்தெல்லேக்கு முயல், தாரா வாத்து, காளான். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர் இருந்தது. இது ரோமாபுரி, இது பொலோஞ்ஞா, இது நாப்போலி என்று, நாங்கள் பருத்தித்துறை, மன்னார் என்று சொல்வதுபோலச் சொன்னார். அவர் அந்த ஊர்களைப் பார்த்ததில்லை.

கொத்திறைச்சியை ஸ்பகெற்றிக்குப் போட்டால் என்ன, ஊரெல்லாம் அப்படித்தானே செய்கிறது என்று கேட்டேன்.

“அது அதிலை நிக்காது, தம்பி. வழுக்கி அடியிலை போயிடும். கடைசியிலை கோப்பையிலை இறைச்சி மட்டும் தனிய இருக்கும். பாக்கப் பாவமாயிருக்கும்.”

பாவம் என்பது அவருடைய சொல். சுப்பர்மார்க்கெற்றில் முன்னால் நிற்பவர் தள்ளுவண்டியில் பப்பர்தெல்லேயும் ஒரு ரின் மட்டியும் இருந்தால், என் மனைவியின் காதுக்குள் “பாவம்” என்பார். ஆளைச் சொல்வதில்லை, பாஸ்ராவைச் சொல்வார். எந்தப் பாஸ்ராவையும் கூடாதது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. எந்தக் குழம்பையும் அப்படித்தான். சேரக்கூடாததோடு சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

மனிதர்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். எங்கள் கோவிலில், அதாவது தமிழ்க் கத்தோலிக்கர் பூசைக்குக் கூடும் பங்கில், பாடகர் குழுவில் ஒருவர் இருந்தார். யாரோடும் ஒத்துப்போகாதவர். சுருதியோடும்தான். அவரை நீக்கவேண்டும் என்று கூட்டம் போட்டபோது, அக்கா மட்டும் அவரை வாசலில் நிறுத்திப் பாருங்கள் என்றார். நிறுத்தினார்கள். வருகிறவர்களின் கோட்டை வாங்கிக் கொளுவுவது, நடக்கமுடியாதவர்களுக்குக் கதவு பிடிப்பது, ஒவ்வொருவரையும் உரத்த குரலில் நலம் விசாரிப்பது என்று அந்த மனிதர் வாசலுக்கே பிறந்தவர்போல ஆகிவிட்டார். எங்கள் வீட்டுக்காரரைப் பற்றி நாங்கள் குறை சொன்னால், அக்கா அவர் நல்ல மனிசன், ஆனால் பனி விழும் நாட்களில் அவரோடு கதைக்கக்கூடாது, வெயில் எறிக்கும்வரை பொறுக்கவேண்டும் என்பார். பொறுத்துப் பார்த்தோம். உண்மைதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பொறுமை இல்லாதவர். பாஸ்ரா அவித்த தண்ணீரை யாராவது அப்படியே ஊற்றுவதைக் கண்டால் முகம் மாறிவிடும். அடுப்புக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பேணி வைத்திருப்பார். ஊரில் தேநீர் குடிக்கும் பிடி வைத்த எனாமல் குவளை, வெள்ளையில் நீலக் கரை. வடிப்பதற்கு முன் அந்தப் பேணி நிறைய மொண்டு வைத்துக்கொள்வார். கஞ்சிபோலக் கலங்கின தண்ணீர். பாஸ்ராவை வடித்து, குழம்பு கொதிக்கும் அகன்ற சட்டியில் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குலுக்குவார். அதுவரை குழம்பு குழம்பாகவும் பாஸ்ரா பாஸ்ராவாகவும் இருக்கும். பிறகு சட்டென்று பளபளத்து ஒன்றாகிவிடும். அந்த நேரத்தில் அவர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நிற்பார். வேலையிலும் வீட்டிலும் நாளுக்கு எத்தனையோ தடவை பார்க்கிற விஷயம். அப்படியும் அப்படித்தான் நிற்பார்.

மேல்வீட்டுத் தொட்டியின் கழிவுநீர்க் குழாய் எங்கள் சமையலறைச் சுவருக்குள்ளால் கீழே இறங்கியது. அக்கா சமைத்து முடித்தது அதில் தண்ணீர் இறங்கும் சத்தத்தில் எங்களுக்குத் தெரியும். பிறகு கொஞ்ச நேரத்தில் சாப்பிட உட்காருவதற்கு ஒரு தனிக் கதிரை இழுபடும் சத்தம் கேட்கும். பல வருடங்கள் அந்த ஒரு கதிரைதான்.

அவருக்குக் கணவர் இருந்தார். கல்யாணம் செய்து சில மாதங்களிலேயே அக்கா புறப்பட்டு வந்துவிட்டார். பின்னால் வருவதாக இருந்த கணவர், படுக்கையில் விழுந்த தாயை விட்டுவர முடியாமல் நின்றார். பிறகு போரில் பாதை மூடிவிட்டது, தாயும் மகனும் அகதி முகாமுக்குப் போனார்கள். கணவர் மன்னார், அக்கா யாழ்ப்பாணத்துக் கரையோரம். கடிதம் வராத காலங்களும் தொலைபேசி எடுக்கமுடியாத காலங்களும் மாறி மாறிப் போயின. சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்த பிறகுதான், அதற்குள் தாயும் போய்ச் சேர்ந்துவிட, கணவர் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து மொன்றியலுக்கு வந்தார்.

விமான நிலையத்துக்கு என் காரில்தான் போனோம். அக்கா நீலச் சேலை கட்டியிருந்தார். கணவர் நெடுவலாக, ஒல்லியாக, இரண்டு கைகளாலும் ஒரு சிறிய பெட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். இருவரும் ஒரே பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இரண்டு பேர்போல நின்றார்கள். காரில் நான்தான் கதைத்தேன். பாலங்களின் பெயர்களைச் சொன்னேன்.

அன்றைக்கு அக்கா லிங்குவீனேயும் இறாலும் செய்தார். கடற்கரை மனிதருக்குக் கடலுக்கு உரியது. கணவர் சாப்பிட்டு முடித்து “நல்லாயிருக்கு” என்றார். மறுநாள் படியிறங்கி வந்து, எங்கே நல்ல அரிசி வாங்கலாம் என்று என் மனைவியிடம் கேட்டார்.

அக்கா சோறும் சமைத்தார், அது பிரச்சினை இல்லை. ஆனால் ஓய்வு நாட்களில் அந்தக் கண்ணாடிப் போத்தல்களை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக ஒவ்வொன்றாகத் திறந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். ஏனென்றால் மிச்சம் எங்களுக்கு வரும். கப்பெல்லீனி வந்தது, புக்கத்தீனி வந்தது. குளிர்காலம் தொடங்கியபோது பப்பர்தெல்லேயும் காளானும் வந்தன. கணவர் எல்லாவற்றையும் சாப்பிட்டார். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்.

“நல்லாயிருக்கு எண்டு சொல்லுற ஆளோடை என்னெண்டு சண்டை பிடிக்கிறது, தங்கச்சி?” என்று அக்கா என் மனைவியிடம் கேட்டார். “உப்புக் கூட எண்டாவது சொல்லலாம்.”

மேலே இப்போது இரண்டு கதிரைகள் இழுபட்டன. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. பழைய வீடு, பலகைத் தளம். யாராவது தும்மினாலே கேட்கும். “சாப்பாடு இருக்கு”, “ஓம்”, “வேலைக்குப் போட்டு வாறன்”, “ஓம்.” அவ்வளவுதான் எங்களுக்கு இறங்கி வந்தது. கணவருக்குத் துறைமுகத்துக்குக் கிழக்கே ஒரு களஞ்சியசாலையில் வேலை. நான் அந்தப் பக்கம் கொள்கலன்களின் கணக்கு எழுதும் கந்தோரில் இருந்ததால் அவரைச் சேர்த்துவிட முடிந்தது. அங்கே நல்ல பெயர். சொன்ன வேலையைச் செய்வார், சொல்லாததையும் செய்வார், மத்தியானம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார்.

பனி கரையத் தொடங்கிய காலத்தில் ஒருநாள் அவர் என்னிடம் ரொறன்ரோ பஸ் எங்கிருந்து புறப்படும் என்று கேட்டார். ஸ்கார்பரோவில் அவருடைய தம்பி இருந்தார். அங்கே வந்துவிடு, வேலை இருக்கிறது, படுக்க இடம் இருக்கிறது என்று தம்பி சொல்லியிருந்தாராம். போய்த் திரும்புவதற்கா என்று கேட்டேன். கையுறையைப் போட்டுக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ரிக்கெற் எடுத்தார்.

அக்காவுக்கு அவர் சொல்லவில்லை. ஆனால் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. கட்டிலுக்குக் கீழே கிடந்த அந்தச் சிறிய பெட்டி தூசு தட்டி வைக்கப்பட்டிருந்ததாம்.

“போறதெண்டால் போகட்டும், தம்பி. நான் மறிக்க மாட்டன்,” என்றார் என்னிடம், படிக்கட்டில் நின்றுகொண்டு. “ஆனா எனக்கு வாய் திறந்து சொல்லிப்போட்டுப் போகட்டும்.” பிறகு கைப்பிடியில் இருந்த பனிக்கட்டியை நகத்தால் சுரண்டியபடி சொன்னார்: “ஊரிலை உள்ள எல்லாத்துக்கும் இதுக்கு இதுதான் எண்டு சொல்லிப்போட்டன். என்ரை வீட்டுக்கு மட்டும் சொல்லத் தெரியேல்லை.”

அந்த ஞாயிறுக்கு முந்திய வெள்ளிக்கிழமை கோவிலில் ஸ்பகெற்றிச் சாப்பாடு.

கியூபெக்கில் கோவில்களின் நிலவறை மண்டபங்களில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் நீள மேசைகளில் உட்கார்ந்து ஸ்பகெற்றி சாப்பிடுவார்கள். எங்கள் பங்கில் வயதான இத்தாலியர்கள், கியூபெக்வாசிகள், நாங்கள் என்று மூன்று பகுதி. வருடத்துக்கு ஒரு பகுதி சமைக்கவேண்டும். முந்திய தடவை எங்கள் முறை வந்தபோது சோறும் கறியும் கொடுத்து, வயதானவர்கள் காரத்தில் கண்ணீர் விட்டதில், இந்தத் தடவை ஸ்பகெற்றியே இருக்கட்டும் என்று சுவாமியார் சொல்லிவிட்டார். எங்களிடம்தான் அக்கா இருக்கிறாரே.

தவக்கால வெள்ளிக்கிழமை என்பதால் இறைச்சி இல்லை. ஸ்பகெற்றியும் தக்காளிச் சோஸும். அக்காவுக்கு அது திருப்தி, ஏனென்றால் அது சரியான சோடி. காலையிலிருந்து தக்காளியை வற்றவிட்டார். பாஸ்ராவை இரண்டு பெரிய பானைகளில் அவிப்பது, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அகன்ற சட்டிகளில் சோஸோடு சேர்த்துக் குலுக்குவது, மேசை மேசையாகச் சூடாக அனுப்புவது என்று ஒழுங்கு. நானும் மனைவியும் சீஸ் துருவினோம். பானை தூக்குவதற்கு ஓர் ஆண்பிள்ளை வேண்டும் என்று கணவரும் வந்திருந்தார். கேட்டால் எங்கும் வருவார்.

பானைகள் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், மேசைகளுக்கு எந்த வரிசையில் அனுப்புவது என்று கேட்டுச் சுவாமியார் அக்காவை மண்டபத்துக்குக் கூப்பிட்டார். அக்கா பேணியையும் கையில் வைத்தபடியே போனார். ஏதோ தகராறு, திரும்பிவரக் கொஞ்சம் சுணங்கிவிட்டது.

கணவர் ஒரு ஸ்பகெற்றி நூலைத் தூக்கிக் கடித்துப் பார்த்தார். பிறகு அவர் செய்ததை நான் வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தேன். சாக்குத் துணியால் பானையின் இரண்டு காதுகளையும் பிடித்து, முழங்காலை முட்டுக் கொடுத்து, ஒரு துளி காலில் படாமல் தொட்டியில் இருந்த வடிகட்டியில் கவிழ்த்தார். குளிர்ந்த தண்ணீர்க் குழாயை முழுவதும் திறந்துவிட்டு, விரல்களை உள்ளே விட்டு நூல் நூலாகத் தூக்கி அலசினார். எண்ணெய் தெளித்துப் பிசறினார். பிறகு இரண்டாவது பானை. அந்த மனிதர் அவ்வளவு விரைவாக, அவ்வளவு தெளிவாக எதையும் செய்து நான் கண்டதில்லை. நாங்களும் வீட்டில் அப்படியே செய்பவர்கள் என்பதால் பிழையாக ஒன்றும் தெரியவில்லை.

அக்கா வந்தார். வெறும் பானைகளைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார்.

“தண்ணி எங்கை?”

“ஊத்திப்போட்டன்.”

“ரெண்டு பானையுமோ?”

“ஓம்.”

“ஆர் உங்களை ஊத்தச் சொன்னது?”

வழக்கமாக இந்த இடத்தில் கணவர் பேசாமல் விலகிவிடுவார். அன்றைக்கு விலகவில்லை. “வரிசை முடியிறதுக்கிடையிலை ஒட்டிப்போகும். அலசினாத்தான் கடைசி ஆள் வரைக்கும் தனித்தனிய நிக்கும்.”

“உங்களுக்கு என்னெண்டு தெரியும்? ஒரு நாளாவது ஒரு பானையை அடுப்பிலை வைச்சிருப்பியளோ?”

“முகாமிலை நான்தான் சமைச்சனான்.”

அக்கா பேணியை மேசையில் வைத்தார். “நீங்களோ?”

“வேறை ஆர்? அம்மா படுக்கையிலை. சமைக்கிற ஆக்கள் ஒவ்வொருத்தரா வெளிக்கிட்டிட்டினம். நிவாரணத்திலை நூடில்ஸ் வரும், மா வரும். முழு முகாமுக்கும் நான்தான்.” கணவர் ஈரக் கைகளைத் துடைக்காமல் நின்றார். “வெயிலுக்கை சனம் நிண்டுகொண்டிருக்கும். கடைசியிலை நிக்கிற பிள்ளைக்கும் கட்டி பிடிக்காமல் குடுக்கவேணும்.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை? எடுக்கக்கூடிய நேரமெல்லாம் நான் ரெலிபோன் எடுத்தனான்.”

“எடுத்தனி. அம்மாவுக்கு மருந்து கிடைச்சதோ, பாதை திறந்ததோ, பேப்பர் வந்ததோ எண்டு கேட்டனி. என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு ஒருக்கா கேட்டனியோ?”

சுவருக்கு அந்தப் பக்கம் மண்டபத்தில் கதிரைகள் இழுபட்டன, யாரோ சிரித்தார்கள். என் மனைவி துருவலை நிறுத்திவிட்டாள்.

“கேக்கப் பயமாயிருந்தது,” என்றார் அக்கா. குரல் தாழ்ந்திருந்தது. “இஞ்சை நான் விடியத் தொடங்கிப் பொழுதுபடுமட்டும் சாப்பாட்டுக்குள்ளை நிக்கிறன். ஆக்கள் பாதியை விட்டிட்டு எழும்புவினம், நான் வழிச்சுக் கொட்டுறன். நீங்கள் பட்டினி எண்டு சொல்லிப்போட்டா நான் அங்கை பேந்து எப்பிடி நிக்கிறது?”

கணவர் சற்று நேரம் அவரையே பார்த்தார். வந்த நாளிலிருந்து அவர் அக்காவை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

“பட்டினி கிடக்கேல்லை,” என்றார். “நான் நல்லாச் சமைச்சனான்.”

என் மனைவிதான், அக்கா, சனம் எல்லாம் உட்கார்ந்துவிட்டது என்று மெல்லச் சொன்னாள். அக்கா தொட்டிக்குப் போய், குளிர்ந்த ஸ்பகெற்றியில் கையை விட்டு இரண்டு நூலை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். எண்ணெய் வழுக்கியது. இதில் என்னுடைய சோஸ் நிற்காது என்று தனக்குத்தானே சொன்னார். மிச்சமாகப் பக்கெற்றும் இல்லை. அழுவார் என்று நினைத்தேன். அவர் கணவரிடம் திரும்பி, உணவகத்தில் யாரிடமும் கேட்கக்கூடிய அதே கேள்வியைக் கேட்டார்.

“முகாமிலை இதை என்னத்தோடை குடுத்தனீங்கள்?”

“வெங்காயமும் செத்தல் மிளகாயும். வந்தால் ரின்மீன்.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சீஸைப் பார்த்தேன்.

கோவில் அலமாரியில் வெங்காயமும் உள்ளியும் இருந்தன. இத்தாலியர்களுக்கு மேசையில் வைக்க வாங்கிய மிளகாய்ச் செதில் இருந்தது. இல்லாதவர்களுக்குக் கொடுப்பதற்காகச் சனங்கள் பெட்டியில் போட்டிருந்த ரின்மீனைத் திங்கட்கிழமை திருப்பி வைப்பதாகச் சுவாமியாரிடம் சொல்லி எடுத்தோம். இரண்டு அகன்ற சட்டிகளும் அடுப்பில் ஏறின. ஒன்றில் அக்கா, ஒன்றில் கணவர். வெங்காயம் சிவக்கும்வரை கணவர் அக்காவை மீன் போடவிடவில்லை. “பொறு” என்றார். பிறகு “இப்ப” என்றார். கணவர் மிளகாயை அள்ளப் போனபோது அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். போனமுறை கிழவர்கள் அழுதது போதும் என்றார். கணவருக்குச் சிரிப்பு வந்தது. நான் பக்கத்தில் நின்றதால் தெரியும். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது.

தக்காளிச் சோஸை என்ன செய்வது என்று கேட்டதற்கும் கணவர்தான் வழி சொன்னார். “குழம்பை வேறையா வை. விருப்பமானவை விட்டுக் குழைச்சுச் சாப்பிடட்டும்.” சேர்க்காமல் அனுப்புவது அக்காவின் வாழ்க்கையில் இல்லாத வேலை. கொஞ்சம் யோசித்துவிட்டு, கிண்ணங்களில் ஊற்றினார்.

மண்டபத்தில் எங்கள் ஆட்கள் முள்ளுக்கரண்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, சோஸை விட்டு, விரல்களால் குழைத்துச் சாப்பிட்டார்கள். சட்டியில் குலுக்கிச் சேர்க்கவேண்டியதைக் கை சேர்த்தது. அக்கா கதவடியில் நின்று அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், பளபளப்பு வரும் நேரத்தில் சட்டியைப் பார்ப்பாரே, அந்த மாதிரி. கியூபெக்வாசிகள் முதலில் சந்தேகத்தோடு கிளறினார்கள், பிறகு கிளறுவதை விட்டுச் சாப்பிட்டார்கள். இத்தாலியர்கள் சோஸைப் பாண் ரொட்டியில் தொட்டுச் சாப்பிட வைத்துக்கொண்டார்கள்.

அவர்களில் ஒரு முதியவர் வெறும் தட்டோடு எழுந்து சமையலறைக்கே வந்தார். மீனும் மிளகாயும் சேர்ந்த இந்த ஸ்பகெற்றி எந்த ஊருடையது என்று பிரெஞ்சில் கேட்டார். அக்காவுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது மூச்சுவிடுவது மாதிரி. ஆனால் அவர் சொல்லவில்லை. கணவரைக் கையால் காட்டினார். கணவருக்குப் பிரெஞ்சு தெரியாது. இருந்தாலும் கேள்வி விளங்கியது.

“மன்னார்,” என்றார்.

முதியவர் ஆழமாகத் தலையாட்டினார். ஏதோ சொன்னார்.

“என்னவாம்?”

“தெற்குப் பக்கமோ எண்டு கேக்கிறார்,” என்றார் அக்கா.

“வடமேற்கு எண்டு சொல்லு. ஆளுக்கு இன்னும் கொஞ்சம் போடு.”

எல்லாம் முடிந்து, சட்டியின் அடியில் இருந்ததை நாங்கள் நால்வரும் நின்றபடியே சாப்பிட்டோம். என் மனைவி இந்தத் தருணத்துக்காக வருடக்கணக்காகக் காத்திருந்தவள்.

“அக்கா, எப்பிடி? ரெண்டும் கதைக்குதோ?”

அக்கா இன்னொரு வாய் வைத்துப் பார்த்தார். “கதைக்கேல்லை. சண்டை பிடிக்குது.” பிறகு தட்டை வழித்துக்கொண்டே சொன்னார்: “இது பேந்து நல்லா வரும்.”

ஞாயிற்றுக்கிழமை கணவர் ரொறன்ரோ போனார். நான்தான் பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். பெட்டி இல்லை, ஒரு துணிப்பை மட்டும். படிக்கட்டின் மேலே நின்று அக்காவிடம் சொன்னதை நான் கீழே காருக்குள் இருந்து கேட்டேன். தம்பியைப் பார்த்துவிட்டு வருகிறேன், ரிக்கெற்றை வீணாக்கக்கூடாது, நான் இல்லாத நேரம் அந்த அகலமானதைச் சமைத்து முடித்துவிடாதே, அது எனக்குப் பிடித்திருந்தது என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசுவதைக் கேட்டு, கீழே பனி சுரண்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர்கூடத் தலையை நிமிர்த்தினார். அந்த வாரத்துக்குள் திரும்பி வந்துவிட்டார்.

பிறகு ஓரிரு வருடங்களில் அவர்கள் டொலார்ட்-டெஸ்-ஓர்மோப் பக்கம் வீடு வாங்கிப் போனார்கள். நாங்களும் இடம் மாறினோம். கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைகள் கொஞ்ச காலம் வந்தன. அதற்குப் பிறகு செய்தி இல்லை. எங்கோ ஒரு சுப்பர்மார்க்கெற்றில் யாருடைய தள்ளுவண்டியையோ பார்த்து அக்கா பாவம் என்று சொல்லிக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த வருடத்துக் கோடை. ஜன்னல்கள் திறந்திருக்கும். மேலே கதிரைகள் இழுபடும், மரக்கரண்டி விழும், உப்புக் கூட, உப்புக் குறைய என்று வாக்குவாதம் நடக்கும். என் மனைவி தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பாள், ஒட்டுக்கேட்க அல்ல என்று சொல்லிக்கொண்டு. பானை கொதித்து முடியும் நேரத்தில் கணவரின் குரல் வரும்.

“இஞ்சை, தண்ணியை ஊத்தவோ, வைக்கவோ?”

பதில் உடனே வராது. அக்கா ஒரு நூலைக் கடித்துப் பார்க்கிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

“ஒரு பேணி வைச்சிட்டு ஊத்துங்கோ.”

அதற்குப் பிறகுதான் எங்கள் சுவருக்குள் தண்ணீர் இறங்கும்.